படிப்பை விழுங்காத வேலை: சி.என்.ஏ. வேலை தேடும் நர்சிங் மாணவர்களுக்கு

அமெரிக்காவில் நர்சிங் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

கோயில் அன்னதான வரிசையிலும் தமிழ்ப்பள்ளி வாசலிலும் என்னைப் பிடித்து நீங்கள் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, அனுபவமே இல்லாம சி.என்.ஏ. வேலை கிடைக்குமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

கிடைக்கும். இந்த நாட்டில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் நர்சிங் அசிஸ்டென்ட்டாக (சான்றிதழ் பெற்றவரே சி.என்.ஏ.) வேலை பார்க்கிறார்கள். சேருகிறவர்கள் சீக்கிரமே விலகியும் விடுவதால் நர்சிங் ஹோம்கள் வருடம் முழுக்க ஆள் எடுத்துக்கொண்டேதான் இருக்கின்றன. ஆக, அந்தக் கவலையை விடுங்கள். எந்த வேலையில் சேருகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். கிடைத்த முதல் வேலையில் போய் மாட்டிக்கொண்டு, தூக்கமில்லாமல் ஃபார்மகாலஜியில் கோட்டைவிட்டு, கடைசியில் நர்சிங் சீட்டையே இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் மந்தமான பிள்ளைகள் இல்லை. வேலை தேடும்போது பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் விசா. ஹெச்-4 என்ற சார்பு விசாவில் இருப்பவர் தாராளமாகப் படிக்கலாம். வேலை பார்க்க ஈ.ஏ.டி. என்ற பணி அனுமதி அட்டை வேண்டும். 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கணவருக்கோ மனைவிக்கோ ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஒப்புதலாகியிருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஹெச்-4 இல் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த வழி கிடையாது, மூன்று வயதில் இங்கே வந்து வளர்ந்த பிள்ளையாக இருந்தாலும் சரி. அட்டையைப் புதுப்பிக்கும்போது முன்பு கிடைத்த தானியங்கி நீட்டிப்பும், 2025 அக்டோபர் 30 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இல்லை. அட்டை முடிந்து புதியது வராவிட்டால் வேலையை நிறுத்தியாக வேண்டும். ஆகவே காலாவதித் தேதியை முன்னால் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். எஃப்-1 மாணவர்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் வளாகத்துக்கு வெளியே ஒரு மணி நேரம்கூட வேலை செய்யாதீர்கள். "நம்ம ஊர்ப் பாட்டிதாம்மா, ராத்திரி மட்டும் கூட இரு, கையில காசு குடுத்துடறோம்" என்று நம்மவர்களே கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். பாட்டியைப் பார்க்கப் போங்கள், பழம் வாங்கிக்கொண்டு போங்கள். காசு மட்டும் வாங்காதீர்கள்.

அடுத்து சான்றிதழ். 1987 வரை நர்சிங் ஹோமில் முதியவர்களைக் குளிப்பாட்டி ஊட்டிவிடுகிறவர்களுக்கு மத்திய அரசு அளவில் எந்தப் பயிற்சியும் கட்டாயமாக இல்லை. அந்த ஆண்டு வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம்தான் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, அதன்பின் தேர்வு, மாநிலப் பதிவேட்டில் பெயர் என்று வகுத்தது. மாநிலங்கள் அதன்மேல் கூட்டிக்கொண்டன: டெக்சஸில் 100 மணி நேரம், கலிஃபோர்னியாவில் 160, மெய்னில் 180. இதே ஏற்பாட்டில் உங்கள் பர்ஸுக்கு உதவும் பகுதி ஒன்று உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். மெடிகேர், மெடிகெய்டு பணம் பெறும் நர்சிங் ஹோம், உங்களை வேலைக்கு எடுத்துக்கொண்டோ எடுப்பதாக உறுதி சொல்லியோ பயிற்சிக்கு அனுப்பினால், வகுப்புக்கோ புத்தகத்துக்கோ தேர்வுக்கோ உங்களிடம் ஒரு டாலரும் வாங்கக்கூடாது. சொந்தக் காசில் படித்திருந்தாலும், முடித்த 12 மாதங்களுக்குள் அப்படிப்பட்ட இடத்தில் சேர்ந்தால், நீங்கள் வேலை பார்க்கும் காலத்துக்கு ஏற்ப அந்தச் செலவு திரும்பிவர மாநிலம் வழி செய்ய வேண்டும். ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நர்சிங் பள்ளியில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் தனியாக சி.என்.ஏ. வகுப்புக்குப் பணம் கட்டுவதற்குமுன் மாநிலப் பதிவேட்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். அடிப்படை நர்சிங் பாடமும் க்ளினிக்கலும் முடித்த மாணவர்கள் நேராகத் தேர்வு எழுதலாம் என்று பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. தேர்வில் எழுத்துப் பகுதி உங்களுக்குத் தூசு. செய்முறையில்தான் கெட்டிக்காரர்கள் தடுக்கி விழுவார்கள். ரத்த அழுத்தத்தைச் சரியாக எடுத்திருப்பார்கள். ஆனால் கட்டிலை இறக்காமல், கால் லைட்டை (உதவிக்கு அழைக்கும் பொத்தானை) நோயாளியின் கைக்கு எட்டும்படி வைக்காமல் வந்துவிடுவார்கள். முகம் துடைக்கும்போது சோப்பு போடாமல், கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு வேறு பகுதியால் துடைக்க வேண்டும். வீட்டில் கணவரையோ தம்பியையோ கட்டிலில் கிடத்திப் பழகுங்கள். முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

மருத்துவமனைகளில் இதே வேலைக்கு பேஷன்ட் கேர் டெக்னீஷியன், நர்ஸ் டெக், நர்ஸ் எக்ஸ்டர்ன் என்று பல பெயர்கள். க்ளினிக்கலோடு முதல் செமஸ்டரை முடித்திருந்தால் சி.என்.ஏ. சான்றிதழே கேட்காத மருத்துவமனைகளும் உண்டு. வேலை தேடும் தளத்தில் சி.என்.ஏ. என்று மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்லக்கா" என்று சொல்லாதீர்கள்.

சேருவதற்குமுன் மருத்துவப் பரிசோதனை என்று ஒரு பட்டியல் தருவார்கள். அதில் டி.பி. சோதனை நம் ஊரில் பிறந்தவர்களுக்குக் கொஞ்சம் சிக்கல். நம் தோளில் இருக்கும் பி.சி.ஜி. தழும்பு இங்கே பலருக்குப் பழக்கமில்லை. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையில், அந்தத் தடுப்பூசியாலேயே நோய் இருப்பதுபோல் வீங்கிக் காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, விளக்கக் கடிதம் என்று வாரக்கணக்கில் இழுக்கும். பி.சி.ஜி. போட்டவர்களுக்கு ரத்தச் சோதனைதான் ஏற்றது என்பது இந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் பரிந்துரை, அதையே கேட்டு வாங்குங்கள். சின்ன வயதுத் தடுப்பூசி அட்டை ஊரில் எந்தப் பரணில் கிடக்கிறதோ என்று அம்மாவைத் தேடவைக்க வேண்டாம். தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை, ஹெபடைட்டிஸ்-பி எதிர்ப்புச்சக்தி இருக்கிறதா என்பதையும் ரத்தத்திலேயே பார்த்துவிடலாம்.

இனி, எங்கே சேருவது?

நர்சிங் ஹோமில் பகல் ஷிஃப்ட் பெரும்பாலும் காலை ஏழு முதல் மாலை மூன்று வரை. ஏழு மணிக்கு உள்ளே போகிறீர்கள். உங்கள் பொறுப்பில் பத்துப் பேர். எட்டு மணிக்கு எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்தில் இருக்க வேண்டும். ஆளுக்கு ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தில் நனைந்த டயப்பரை மாற்றி, துடைத்து, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, சட்டை போட்டு, இறுக்கமான காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, பல்செட்டைக் கழுவி மாட்டி, சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். பத்தில் இரண்டு பேரை லிஃப்ட் இயந்திரத்தில்தான் தூக்க முடியும். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும், அந்த ஆளும் தன் பத்துப் பேரோடு ஓடிக்கொண்டிருப்பார். யாரும் வராவிட்டால் தனியாகத் தூக்கலாமா என்று கை பரபரக்கும். தூக்காதீர்கள். காலை உணவு தாமதமானால் திட்டு வாங்கலாம். முதுகு போனால் நர்சிங்கே போய்விடும்.

இந்த ஆறு நிமிடக் கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. ஆள் போதுமான இடத்தில் அது பன்னிரண்டு நிமிடமாகும், உங்கள் பிழைப்பே மாறிவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது? மெடிகேரின் 'கேர் கம்பேர்' தளத்தில் ஊரின் பெயரைக் கொடுத்தால், அங்குள்ள ஒவ்வொரு நர்சிங் ஹோமிலும் ஒரு முதியவருக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேர உதவியாளர் பணி கிடைக்கிறது, சனி ஞாயிறுகளில் நிலைமை என்ன, ஊழியர்கள் எத்தனை சதவீதம் பேர் ஒரு வருடத்தில் விலகுகிறார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. முதியவர்களின் பிள்ளைகளுக்காக வைத்திருக்கும் தளம்தான். வேலை தேடுகிறவர்களும் பார்க்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஐந்தில் ஒரு நட்சத்திரம் வாங்கிய இடம் சேர்க்கை போனஸ் தருகிறேன் என்று கூப்பிட்டால், அந்த போனஸ் எதற்கு என்று அங்கேயே புரிந்துவிடும்.

மருத்துவமனையில் 12 மணி நேர ஷிஃப்ட். ஓட்டம் குறைவில்லை, ஆனால் கற்பது அதிகம். சாப்பாட்டுக்குமுன் சர்க்கரை பார்ப்பது, அறுவை முடிந்தவரை முதன்முதலாக நடக்கவைப்பது, மூச்சுத் திணறியவரின் அறைக்குள் ஏழெட்டுப் பேர் நுழைந்து யார் என்ன செய்கிறார்கள் என்பதை மூலையில் நின்று பார்ப்பது. நேற்றுப் பாடத்தில் படித்தது இன்று கட்டிலில் படுத்திருக்கும். படிப்பு முடிந்ததும் அந்த மருத்துவமனை வெளியாளைவிட உங்களைத்தான் முதலில் பார்க்கும். என் கட்சி மருத்துவமனைதான், மறைக்கவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டிய பெரிய பெயரா, பத்து நிமிடத்தில் இருக்கும் நல்ல நர்சிங் ஹோமா என்றால், படிக்கிற காலத்துக்குப் பின்னதையே சொல்வேன். இரவு ஷிஃப்ட் முடிந்து நெடுஞ்சாலையில் கண் சொக்கிப்போவதை அனுபவித்தவர்கள் என்னோடு வாதாட மாட்டார்கள்.

நாளுக்கு ஓர் இடம் என்று செல்போன் செயலியில் ஷிஃப்ட் எடுக்கும் வேலை புதியவர்களுக்கு வேண்டாம். மணிக்கு இரண்டு மூன்று டாலர் கூடுதலாக வரும். கற்றுக்கொடுக்க ஆள் இருக்காது, லிஃப்ட் எங்கே என்பதே தெரியாது. ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நேரம் பற்றி. நர்சிங் பள்ளியின் க்ளினிக்கல் அட்டவணை செமஸ்டருக்கு செமஸ்டர் மாறும், சில சமயம் கடைசி வாரத்தில்தான் தெரியவரும். இதை ஒத்துக்கொள்ளாத மேனேஜரிடம் சேரவே சேராதீர்கள். நேர்காணலிலேயே கேளுங்கள்: "செமஸ்டர் மாறும்போது என் ஷிஃப்டை மாற்றித் தருவீர்களா? இதற்குமுன் மாணவர்களை வைத்திருந்தீர்களா?" இரண்டாவது கேள்விக்கு அவர் உடனே பெயர் சொல்ல ஆரம்பித்தால் நல்ல இடம். வார இறுதி ஷிஃப்டுகள் மாணவர்களுக்குப் பொருந்தும்; கூடுதல் படியும் உண்டு. பி.ஆர்.என். என்று சொல்லப்படும், கூப்பிடும்போது போகும் வேலை கேட்க இனிக்கும், ஆனால் பல மருத்துவமனைகள் அதற்கு முன் அனுபவம் கேட்கும். படிப்புச் செலவு உதவியும் பெரும்பாலும் நிரந்தரப் பகுதிநேர ஊழியர்களுக்குத்தான். அந்த உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வருமான வரி கிடையாது. மணிக்குச் சுமார் 19 டாலர் வாங்குகிற வேலையில் (2024 கணக்குப்படி நாட்டின் நடுமட்ட ஊதியம் அதுதான்) இது சின்னத் தொகை இல்லை. பதிலுக்கு எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒருமுறை பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் எப்போதும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். சம்பளத்துக்கான பணியே இல்லாமல் தொடர்ந்து 24 மாதம் போனால் மறுபடி பயிற்சி பெறவோ தேர்வு எழுதவோ வேண்டிவரும். பிள்ளைப்பேற்றுக்காக இடைவெளி விடுகிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

வேலையைப் பிடிக்கும் வழி என்று பார்த்தால், இணையத்தில் அனுப்பும் நூறு விண்ணப்பத்தைவிட க்ளினிக்கலில் நீங்கள் நிற்கும் விதம் பெரிது. மற்ற மாணவர்கள் நர்ஸ் ஸ்டேஷனில் போன் பார்த்துக்கொண்டிருக்கையில், அடித்துக்கொண்டிருக்கும் கால் லைட்டுக்கு எழுந்து போகிறவரை அந்த வார்டில் எல்லாரும் கவனிப்பார்கள். கடைசி நாளில் மேனேஜரைத் தேடிப் போய், "உங்கள் யூனிட்டில் டெக் வேலை வந்தால் விண்ணப்பிக்க விரும்புகிறேன்" என்று ஒரு வரி சொல்லுங்கள். நமக்கு இது வராது. கேட்பது கௌரவக் குறைச்சல் என்று வளர்த்திருக்கிறார்கள். இந்த ஊரில் கேட்காதவர் விரும்பவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

நேர்காணல் குழுவில் நானும் சில முறை உட்கார்ந்திருக்கிறேன். நம் பெண் ஒருத்தி வந்தாள். "நான் கடின உழைப்பாளி, சீக்கிரம் கற்றுக்கொள்வேன்" என்றாள். எல்லாரும் சொல்வதுதான். மேனேஜர் குறிப்புத்தாளில் எதுவும் எழுதவில்லை. "யாரையாவது நீங்கள் நேரில் பராமரித்ததுண்டா?" என்று நான் கேட்டேன். தயங்கினாள். "அது வேலை இல்லை, வீட்டில்..." என்று இழுத்துவிட்டுச் சொன்னாள். பக்கவாதம் வந்து படுத்த பாட்டியை, ப்ளஸ் டூ படிக்கும்போது அவளும் அம்மாவும்தான் பார்த்துக்கொண்டார்களாம். பழைய வேட்டியை நாலாக மடித்து இடுப்புக்கடியில் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லி நகர்த்துவார்களாம். கஞ்சி புரையேறாமல் இருக்க, தலையணை வைத்து நிமிர்த்தி, செயலுள்ள கன்னத்தின் பக்கமாக ஊட்டுவாளாம். மேனேஜர் பேனாவை எடுத்தார். துணியைப் பிடித்து நகர்த்துவதையும், நல்ல பக்கமாக ஊட்டுவதையும் நாங்கள் இங்கே பணம் கொடுத்துச் சொல்லித்தருகிறோம். உங்களில் எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்திருப்பார்கள். அதை ரெஸ்யூமேயில் எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள். "ஒரே நேரத்தில் இரண்டு கால் லைட் அடித்தால் என்ன செய்வீர்கள்" என்று நிச்சயம் கேட்பார்கள். யார் கீழே விழக்கூடியவரோ அவரிடம் முதலில், மற்றவரிடம் தலையை நீட்டி "ஐந்து நிமிடத்தில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, முடியாவிட்டால் உதவி கூப்பிடுவேன் என்ற பதில் போதும்.

இப்போது, யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம். ஊருக்குப் போன் பண்ணி இந்த வேலையைச் சொன்னதும் மறுமுனையில் ஒரு மௌனம் வரும். பிறகு, "பீ மூத்திரம் அள்ளவா அம்புட்டுத் தூரம் போன?" சித்திமார்கள் இன்னும் நயமாகக் கேட்பார்கள்: "ஆயா வேலையாடி?" நம் ஊர் ஆஸ்பத்திரியில் அந்த வேலையை யாரிடம் ஒப்படைத்து, அவர்களை எப்படி நடத்தி, எந்தச் சாதியில் இருந்து அவர்கள் வர வேண்டும் என்று வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஊரில் உள்ளவர்களைத் திருத்த உங்களுக்கு நேரமில்லை, அடுத்த வாரம் தேர்வு. ஆனால் அந்தக் கூச்சத்தை உங்கள் கையோடு வார்டுக்குள் கொண்டுபோனால் நோயாளிக்கு உடனே தெரிந்துவிடும். பிறர் கையால் கழுவப்படுகிறவர் ஏற்கெனவே கூனிக்குறுகிக் கிடக்கிறார். உங்கள் முகச்சுளிப்பையும் அவர் ஏன் சுமக்க வேண்டும்?

பெண்கள் முதன்முதலில் ஓர் ஆணைக் குளிப்பாட்டும்போது கை நடுங்கும். துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து, மற்றதை மூடிவைத்து, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். இரண்டாம் வாரத்தில் பழகிவிடும். சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் அரைத்த மாட்டிறைச்சியைக் கரண்டியில் எடுத்து ஊட்ட வேண்டிவரும். நீங்கள் சாப்பிடப்போவதில்லை, அவருக்குப் பசிக்கிறது. முடியவே முடியாதென்றால் கூட வேலை செய்கிறவரிடம் முன்கூட்டியே பேசி மாற்றிக்கொள்ளுங்கள், கரண்டியோடு உட்கார்ந்து முகத்தைத் திருப்பாதீர்கள். இறந்தவரின் உடலைத் துடைத்துக் கட்டி அனுப்பிவிட்டு வீடு வந்தால், மாமியார் வாசலிலேயே நிறுத்தித் தலைக்குக் குளிக்கச் சொல்வார். குளித்துவிடுங்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுக்குப் பிறகு அது எப்படியும் தேவைதான். "உன் கை என்மேல் படக்கூடாது" என்று உங்கள் நிறத்தைப் பார்த்துச் சொல்லும் கிழவர்களும் இருக்கிறார்கள். டிமென்ஷியாவால் சொல்கிறவர், தெளிவோடு சொல்கிறவர் என்று இரண்டு வகை. இரண்டாவது வகையை சார்ஜ் நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும், விழுங்கக்கூடாது.

வேலை நேரத்தில் நீங்கள் சி.என்.ஏ. மட்டுமே. வகுப்பில் ஊசி போடக் கற்றிருப்பீர்கள், கதீட்டர் போட்டிருப்பீர்கள். ஆள் குறைவான இரவில் ஏதாவது ஒரு நர்ஸ், "நீதான் ஸ்டூடென்ட்டாச்சே, இந்த மாத்திரையைக் கொடுத்துவிடேன்" என்பார். மாட்டேன் என்று சொல்லுங்கள். ஏதாவது ஆகிவிட்டால் பதிவேட்டில் கறை படியும். நாளைக்கு ஆர்.என். லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கறைக்கு விளக்கம் எழுத வேண்டியவர் நீங்கள்தான்.

கடைசி செமஸ்டர் தொடங்கும்போதே மேனேஜரிடம் பட்டம் பெறும் மாதத்தைச் சொல்லி, அதே யூனிட்டில் புது நர்ஸாகச் சேர விருப்பம் உண்டா இல்லையா என்பதையும் சொல்லிவிடுங்கள். புது நர்ஸ்களுக்கான ரெசிடென்சி விண்ணப்பங்கள் பட்டம் வாங்குவதற்குப் பல மாதம் முன்பே திறந்து மூடிவிடும். என்க்ளெக்ஸ் என்ற லைசென்ஸ் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ரெஸ்யூமே பார்த்துத் தர வேண்டுமென்றால் ஞாயிறு தமிழ்ப்பள்ளி முடிந்ததும் வாருங்கள். அச்செடுத்துக் கொண்டு வாருங்கள், போனில் காட்டாதீர்கள். எனக்குக் கண்ணாடி போட்டும் அந்த எழுத்து தெரிவதில்லை.

அன்புடன்,
டாலஸிலிருந்து உங்கள் அக்கா